சுவரில் வளர்ந்த கொடுவா

தூண்டில் விற்கிறவனுக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. மீனைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு போட்டுக் கொடுக்கத் தெரிந்தால் போதும். பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்து போகும்போது ஏதாவது வாங்கிக்கொண்டு போவார். வாங்காமல் போனாலும் மறுநாள் வந்து உட்காருவார். கடையில் நின்று பிழைத்தவர்கள் இதைப் படிக்கும்போது தலையை ஆட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் கடையிலும் ஒரு பெஞ்சு இருந்திருக்கும். அதில் ஒரு வக்கீலும் இருந்திருப்பார்.

நான் நின்ற கடை திருச்சி பெரிய கடை வீதியில் இருந்தது. முதலாளி ஒரு ராவுத்தர். கடையின் ஒரு பக்கம் பந்து, மட்டை, வலை என்று விளையாட்டுச் சாமான்கள். மறு பக்கம் சீமையிலிருந்து வரும் தூண்டில் சாமான்கள். மேட்டூரில் அணை கட்டி முடித்ததற்கு அடுத்து வந்த வருஷங்கள் அவை. நெற்றியில் திருமண்ணும் தலையில் குடுமியுமாக ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த எனக்குத் தூண்டில் பக்கம் எப்படி வாய்த்தது என்று கேட்பீர்கள். காலியாக இருந்த வேலை அதுதான். அந்த வேலையோ நான் தின்றும் அறியாத, தொட்டும் அறியாத கொடுவா என்கிற கடல் மீனை நம்பி நடந்தது. கொடுவா வராவிட்டால் எனக்கு ஸ்ரீரங்கமே இல்லை என்ற நிலைமை வந்தபோது நடந்தவற்றைத்தான் சொல்லப் போகிறேன்.

நடுநிலைமை

கொள்ளிடம் கடலில் கலக்கிற இடத்தில் கொடுவா ஆற்றுக்குள் ஏறி வரும். தூண்டிலில் மாட்டினால் சும்மா வராது. துள்ளும், முறுக்கும், நூலை அறுத்துக்கொண்டு போகும். அதனாலேயே அதன் மேல் பெரிய மனிதர்களுக்கு மோகம். சனிக்கிழமை ரயிலேறிப் போய், படகு பிடித்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெயிலில் காய்ந்து, திங்கட்கிழமை எங்கள் கடைக்கு வந்து சேருவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலில் வந்தவர் வக்கீல் கோவிந்தசாமி நாயுடு. என் நெற்றியைப் பார்த்தார். எனக்கு முன்னால் இருந்த தூண்டில் முள் டப்பாக்களைப் பார்த்தார். மறுபடியும் நெற்றியைப் பார்த்தார். கொடுவாவுக்கு எந்த முள் நல்லது என்று கேட்டார். எனக்கு எதுவும் தெரியாது. எந்த டப்பாவின் மேல் பெரிய மீன் படம் போட்டிருந்ததோ அதை எடுத்து, இதற்கு மிஞ்சி ஒன்று கிடையாது என்று அவர் முன்னால் வைத்தேன். கல்லாவில் இருந்த ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். என் வேலை அன்றைக்கே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நாயுடு டப்பாவைத் தட்டிப் பார்த்து, அப்படியே வாங்கி ஜேபியில் போட்டுக்கொண்டு, ராவுத்தரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"நல்ல ஆளைப் பிடிச்சிருக்கீங்க. மீனைத் திங்கிறவன் சொன்னா அவன் வாய் ருசிக்குச் சொல்லுவான். இவருக்கு மீனோட கொடுக்கல் வாங்கல் எதுவுமே இல்லே. நடுநிலைமையாச் சொல்லுவாரு."

கரிக்கோடு

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கொடுவா பிடித்தவர் அதை ஈரச்சாக்கில் சுற்றி, நேராகக் கடைக்குக் கொண்டுவர வேண்டும். பெஞ்சுக்கு எதிர்ச்சுவரில் மீனை ஒட்டினாற்போல் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் அதைச் சுற்றிக் கரியால் கோடு இழுப்பேன். உள்ளே பிடித்தவர் பெயர், மாதம். சுவர் முழுக்க இப்படி மீன்கள் நிறைந்திருந்தன. ராவுத்தர் வாலிபத்தில் பிடித்த மீனும் அதில் ஒன்று. புதிதாக வருகிறவர்கள் சாமானைப் பார்க்க மாட்டார்கள், சுவரைத்தான் பார்ப்பார்கள். எங்களுக்கு விளம்பரம், சாட்சி, கோவில் எல்லாமே அந்தச் சுவர்தான்.

மீனைத் தொடாமல் கோடு போட நான் ஒரு வழி வைத்திருந்தேன். நீளமான மூங்கில் குச்சியின் நுனியில் கரித்துண்டைக் கட்டி, எட்ட நின்று இழுப்பேன். வால் பக்கம் வரும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். மாலையில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் முழுக்குப் போட்டுவிட்டு, வேறு வேஷ்டி கட்டிக்கொண்டுதான் வீட்டுப் பக்கம் திரும்புவேன். அப்படியும் உத்தர வீதிப் பூனைகள் எனக்காகக் காத்திருக்கும். நான் தெருமுனையில் திரும்பியதும் ஒவ்வொன்றாக எழுந்து, சாவதானமாகப் பின்னால் வரும். ஏதோ நான் உற்சவருக்கு முன்னால் கோஷ்டியை அழைத்துக்கொண்டு வருவது போல இருக்கும். வேஷ்டியின் நாற்றம்தான் என்று எண்ணி, படித்துறையிலேயே அதை ஒரு பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கும் வந்தன. என் மனைவி கோமளம் கதவைத் திறந்து, என்னையும் எனக்குப் பின்னால் இருந்த கூட்டத்தையும் பார்த்துச் சொன்னாள்:

"நீங்க காவேரியிலே எத்தனை முழுக்குப் போட்டு என்னன்னா பிரயோஜனம்? அதுகளுக்கு உங்க மூஞ்சி அடையாளம் தெரிஞ்சு போச்சு."

மீன் எங்கே போச்சு

ஒரு வருஷம் கொடுவா குறைந்தது. அடுத்த வருஷம் அடியோடு நின்றுவிட்டது. சனிக்கிழமை போனவர்கள் முகம் கறுத்துத் திரும்பினார்கள், அவ்வளவுதான் மிச்சம். பெஞ்சில் விசாரணை நடந்தது. மேட்டூர் அணைதான் காரணம் என்றார் நாயுடு. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடலில் ஆற்று வாசனை இருக்காதாம். வாசனை இல்லாமல் மீன் எப்படி வழி கண்டுபிடிக்கும் என்று, நீதிபதியைக் கேட்பதுபோல என்னைக் கேட்டார். பொன்மலையிலிருந்து வரும் ரயில் கார்டு டிக்ரூஸ் ஒப்புக்கொள்ளவில்லை. புதிதாக வந்த என்ஜின்களின் விசில்தான் காரணமாம். பழைய விசில் மீனுக்குப் பழகிய விசில். இது கொள்ளிடம் பாலத்தில் ஊதினால் கடல் வரைக்கும் மிரளும் என்றார்.

எனக்கு அந்தக் காரணம் எதுவானாலும் சரிதான். எனக்குப் புரிந்தது வேறு. மீன் குறைய ஆரம்பித்தபோது, முள் சரியில்லை, நூல் சரியில்லை என்று எல்லோரும் புதுசு புதுசாக வாங்கினார்கள். எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்த பிறகும் மீன் வரவில்லை என்றதும் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். உட்காருவதை மட்டும் நிறுத்தவில்லை. ஒரு நாள் ராவுத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய மச்சான் மணப்பாறை மாட்டுச் சந்தைப் பக்கம் கயிற்றுக்கடை வைத்திருந்தார். மூக்கணாங்கயிறு, சலங்கை, கழுத்து மணி எல்லாம் அங்கே கிடைக்கும். தூண்டில் பக்கத்தை மூடும்படி ஆனால் என்னை அங்கே அனுப்பலாம் என்றார். எனக்கு மாட்டைக் கண்டால் பயம். அதைவிட, விடியற்காலையில் பெருமாளைப் பார்க்காமல் எனக்குப் பொழுது விடிந்ததே கிடையாது. முகம் போன போக்கைப் பார்த்து ராவுத்தர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"பயப்படாதீங்க சாமி. மாடு கொடுவா மாதிரி இல்லே. வாராவாரம் தவறாம வந்துடும். அந்த ஊரு முறுக்கும் நல்லா இருக்கும்."

முதல் உருப்படி

அந்த நாட்களில் நாயுடு புதிதாக ஒரு தூண்டில் கழி பார்க்க வந்தார். வாங்குவார் என்ற ஆசையில் நான் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். கையில் பிடித்தால் போதாது, வீசிப் பார்க்க வேண்டும் என்றார். தெருவில் ஜட்காக்கள் போகின்றன, வேண்டாம் என்றேன். அப்படியானால் உள்ளேயே வீசுகிறேன் என்று, கோர்ட்டில் கவுனை உதறுவது போல ஒரு தரம் உதறி வீசினார். முள் பறந்து போனதை நான் பார்க்கவில்லை. என் குடுமியில் வந்து மாட்டியதைத்தான் உணர்ந்தேன்.

நான் ஓடினால் நூல் இறுகும், நின்றால் முள் இறங்கும். எலுமிச்சம்பழம் நறுக்குகிற கத்தியை எடுத்துக்கொண்டு ராவுத்தர் வந்தார். குடுமியை அறுக்கப் போகிறார் என்று நான் அலறினேன். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. நாயுடு மட்டும் பதறவில்லை. கழியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சொன்னார்:

"அசையாதீங்க சாமி. இந்த வருஷத்திலே எனக்கு மாட்டின முதல் உருப்படி நீங்கதான்."

இரண்டு கோட்டு

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தது. நான் லீவு கேட்டு ஸ்ரீரங்கத்திலேயே இருந்துவிட்டேன். அதையொட்டியே நோன்புப் பெருநாளும் வந்ததால் கடைக்கு வெள்ளையடிக்க ராவுத்தர் ஆள் சொல்லியிருந்தார். கரிக்கோட்டுச் சுவரைத் தொடக் கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவ்வளவு தெரிந்த விஷயம் என்பதால், அதை வெள்ளையடிக்கிறவனிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் பிரசாதப் பொட்டலத்தோடு கடைக்குத் திரும்பி வந்தபோது, ராவுத்தர் சுவருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருஷத்து மீன்கள், ஒன்றுகூட இல்லை. சுவர் பாற்கடல் மாதிரி இருந்தது.  நான் சாப்பிடாத மீன்கள்தான், ஆனால் நான் வந்த பிறகு வந்தவற்றை எல்லாம் நான்தானே வரைந்தேன். வெள்ளையடித்தவன் சுண்ணாம்பு மட்டை தோய்த்த வாளியோடு நின்று, எங்களுடைய சந்தோஷத்துக்காகக் காத்திருந்தான். ஏனப்பா இப்படிச் செய்தாய் என்றேன்.

"இருக்கிறதிலேயே இந்தச் சுவருதாங்க ரொம்ப அசிங்கமா இருந்துச்சு. யாரோ கரியாலே கிறுக்கி வச்சிருந்தாங்க. அதான் இதுக்கு மட்டும் ரெண்டு கோட்டு சுண்ணாம்பு."

ஞாபகத்திலிருந்து

சுவரை வெறுமையாக விட முடியாது என்று பெஞ்சு தீர்மானித்தது. அவரவர் மீனை அவரவரே ஞாபகத்திலிருந்து வரைந்துகொள்ள வேண்டியது. கரித்துண்டோடு முதலில் எழுந்தவர் நாயுடு. தலையில் ஆரம்பித்தார், நடந்தார், இன்னும் நடந்தார், சுவர் முடிந்துவிட்டது. வாலை வாசற்கதவில் போட்டார். அதனால் கடையைத் திறக்கும்போதெல்லாம் அவருடைய மீன் வாலை ஆட்டியது. டிக்ரூஸ் என்னிடம் ஸ்டூல் கேட்டார். அவர் பிடித்த மீன் முதுகு உயரமாம்.

அசலைக் கோடு போட்டவன் நான். நாயுடுவின் மீன் என் கைக்கு இரண்டு முழத்துக்கும் குறைவு என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பவ்யமாகச் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் வரைந்தபோது அது செத்துப்போய் இருந்தது, செத்தால் சுருங்கும், இது உயிரோடு இருந்த அளவு என்றார். கடைசியாக ராவுத்தர் எழுந்தார். அவராவது நியாயமாக வரைவார் என்று நம்பினேன். வாலில் ஆரம்பித்து, நிதானமாக இழுத்துக்கொண்டே போய், பாதி உடம்பு வந்தபோது அலமாரி குறுக்கிட்டது. அலமாரியை நகர்த்தட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் சாமி. தலை அலமாரிக்குப் பின்னாலே இருக்கிறது அல்லாவுக்குத் தெரியும்."

பல் டாக்டர்

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். வரைந்தவர்களே அதை நம்ப ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்திலே எப்படிப்பட்ட மீன் வந்தது பாருங்கள் என்று சுவரைக் காட்டிப் பெருமூச்சு விட்டார்கள். ஒருவர் பெருமூச்சு விட்டால் அடுத்தவரும் விடுவார். ராவுத்தருக்கும் துக்கம் முற்றிவிட்டது. இத்தனை பெரிய மீன்கள் வந்த ஆறு இப்போது செத்துப்போய்விட்டது, இனி இந்த வியாபாரத்தில் என்ன இருக்கிறது என்றார். ஆடிப் பெருக்குக்குள் இந்தச் சுவரில் நிற்கத் தகுதியான ஒரு கொடுவா வந்தால் தூண்டில் பக்கம் இருக்கும், வராவிட்டால் நான் மணப்பாறை. இதுதான் தீர்ப்பு. சுவர் பொய் என்று சொல்லலாம் என்றால், முதலாளியின் மீனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் தலையில்லாத மீன். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் தென்னூரிலிருந்து சாமுவேல் என்கிற பல் டாக்டர், டென்னிஸ் பந்து வாங்க வந்தார். அமைதியான மனிதர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டே சுவரைப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். இப்படிப்பட்ட மீன்களா நம் பக்கத்தில் இருக்கின்றன என்று கேட்டார். இருந்தன என்று பெஞ்சிலிருந்தவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். டாக்டர் பந்தை வைத்துவிட்டுக் கழி, சக்கரம், நூல், முள் எல்லாவற்றையும் வாங்கினார். அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் கொள்ளிடம் போனார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வெறுங்கையோடு வந்து, சுவருக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு நாள் மெதுவாக, ரொம்ப எதிர்பார்க்காதீர்கள் டாக்டர் என்றேன். அவர் திரும்பிப் புன்னகை செய்தார்.

"இல்லீங்க சாமி. பேஷண்ட் வாயைத் திறக்கிற வரைக்கும் காத்திருக்கிறது எனக்குப் பழக்கம்தான்."

யார் பக்கம்

ஆனி முடிந்து ஆடி பிறந்தது. கோமளம் மணப்பாறைக்கு எடுத்துப் போக வேண்டிய பாத்திரங்களைத் தனியாக ஒதுக்க ஆரம்பித்துவிட்டாள். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது. மணப்பாறை நல்ல ஊராகவே இருக்கட்டும். எனக்கு அங்கே காலையில் எழுந்து எந்தப் பக்கம் நடப்பது என்றே தெரியாது. பெருமாளிடம் போய் நின்றேன். மனம் உருக வேண்டிக்கொண்டேன். ஒரே ஒரு கொடுவா. பெரியதாக. சுவருக்கு எட்டுகிற மாதிரி.

எவ்வளவு நேரம் நின்றேனோ, வரிசை தேங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த பட்டர் ஒருவர் தீர்த்த வட்டிலோடு சந்நிதிக்கு வெளியே வந்து, ஓய், என்ன அப்படி நீண்ட விண்ணப்பம் என்று விசாரித்தார். தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னேன். தீர்த்தம் கொடுக்கிற கை அப்படியே நின்றது. 

"மத்ஸ்யாவதாரம் பண்ணினவர்கிட்ட வந்து, மீனைப் பிடிச்சுக் குடும்னு கேக்கறீரே. அவர் யார் பக்கம்னு கொஞ்சமாவது யோசிச்சீரா, ஓய்?"

குட்டி

ஆடிப் பெருக்குக்கு முந்தின நாள். காவிரி இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பெஞ்சில் நாயுடுவும் டிக்ரூஸும் இருந்தார்கள். தூண்டில் சாமான்களைப் பெட்டியில் கட்டும்படி ராவுத்தர் சொல்லியிருந்தார். நான் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் நாயுடுவிடம் விற்ற டப்பா மாதிரி ஒன்று, பெரிய மீன் படம் போட்டது, கையில் வந்தபோது அதை வைக்க மனம் வரவில்லை.

வாசலில் சத்தம் கேட்டது. ரயிலடிக் கூலிகள் இருவர் மூங்கிலில் ஒரு ஈரச்சாக்கு மூட்டையைத் தொங்கவிட்டுச் சுமந்து வந்தார்கள். பின்னால் பல் டாக்டர், சட்டை கிழிந்து, கையில் துணி சுற்றி, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். சாக்கைப் பிரித்தார்கள். கொடுவா. வெள்ளித் தாம்பாளம் போலச் செதில்கள். நிறுத்திப் பார்த்தால் டாக்டரின் மார்புக்கு வரும். அப்படி ஒரு மீனை அந்தக் கடை அதற்கு முன் பார்த்ததே இல்லை. நான் சொல்வதை நம்பலாம். பழைய கோடுகளைத் தினமும் பார்த்தவனும், புதியவற்றைப் போட்டவனும் நான்.

கூலிகள் அதைத் தூக்கிச் சுவரில் வைத்தார்கள். நாயுடுவின் மீனுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதன் செவுளைத் தாண்டவில்லை. டிக்ரூஸ் மீனின் முதுகுக்குக் கீழே பிடித்தார்கள். அதன் நிழலில் நிற்கிற குட்டி மாதிரி இருந்தது.  டாக்டரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போனது. துணி சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"தெரியாமப் பிடிச்சுட்டேங்க," என்றார் அவர். "ரொம்ப இழுத்துச்சு, அதனாலே பெரிசுன்னு நினைச்சுட்டேன். குட்டின்னு தெரிஞ்சிருந்தா தண்ணியிலேயே விட்டிருப்பேன்."

நான் மூங்கில் குச்சியோடு கோடு போட முன்னால் வந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு கூலிக்குக் கை வழுக்கியது. மீன் சரிந்தது. குச்சியைப் போட்டுவிட்டு, யோசிக்காமல், இரண்டு கையாலும் அதை மார்போடு வாரிப் பிடித்துக்கொண்டேன்.  திருமண்ணும் குடுமியுமாக நான் கொடுவாவைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அது என்னைக் கீழே இழுத்தது, முழங்கால் மடங்கியது. ஒரு கொடுவா எவ்வளவு கனக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்குப் பயமெல்லாம் போய், கோபம்தான் வந்தது.

"ராவுத்தரே, இது குட்டி இல்லை," என்றேன். "இது குட்டி என்றால் நீங்களே வந்து ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்ளுங்கள்."

ராவுத்தர் கல்லாவை விட்டு இறங்கி வந்தார். என் கையிலிருந்து மீனை வாங்கிக்கொண்டார். அவருக்கும் முழங்கால் மடங்கியது. சுவரைப் பார்த்தார். நாயுடு கூரையைப் பார்த்தார். டிக்ரூஸ் பூட்ஸ் நாடாவைக் கட்ட ஆரம்பித்தார். ராவுத்தரின் கண் மெதுவாகப் போய், அலமாரி ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த தன் மீனின் வாலில் நின்றது.  பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சாமி, டாக்டர் மீனுக்குக் கோடு போடுங்க. அப்புறம் அந்தப் பெட்டியைப் பிரிங்க. பெருக்கு முடிஞ்சதும் வெள்ளையடிக்கிறவனைக் கூப்பிடுங்க. இந்தக் கோட்டை மட்டும் விட்டுட்டு, சுத்தி அடிக்கச் சொல்லுங்க. ரெண்டு கோட்டு."

கடைசியாக

அன்று படித்துறையில் நான் போட்ட முழுக்குகளுக்குக் கணக்கில்லை. தெருமுனையில் பூனைகள் எழுந்து நின்று வரவேற்றன. கோமளம் கதவைத் திறந்தாள். வாசலிலேயே நிறுத்தி, தலையில் இன்னும் ஒரு குடம் கொட்டினாள். மணப்பாறை இல்லை என்று நான் சொன்னதும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், ஒதுக்கி வைத்த பாத்திரங்களைப் பழைய இடத்தில் அடுக்க ஆரம்பித்தாள். மறுநாள் பெருக்குக்குக் காவிரிக் கரைக்குக் கட்டிய கலந்த சாதத்தில் எனக்குப் புளியோதரை அதிகமாக வைத்தாள். 

வெள்ளைச் சுவரில் ஒரே ஒரு மீன் இருந்தது. உள்ளது உள்ளபடி. அதைப் பார்த்து டாக்டர் நிமிர்ந்து நடந்தார், அதைப் பார்த்து வேறு சிலரும் கழி வாங்கினார்கள், என் வேலை நிலைத்தது. மீன் மட்டும் அதன் பிறகு வரவில்லை. அடுத்த தை மாதம் நாயுடு பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவரை ரொம்ப நேரம் பார்த்தார். பக்கத்தில் இருந்த டாக்டரும் கூடவே பார்த்தார்.

"டாக்டர், உங்க மீன் இவ்வளவு சின்னதா இல்லீங்களே," என்றார் நாயுடு. "சுண்ணாம்பு இழுத்துடுச்சு."

டாக்டர் யோசித்தார். பிறகு என்னிடம் திரும்பி, கூச்சத்தோடு கையை நீட்டினார்.

"சாமி, அந்தக் கரித்துண்டைக் கொஞ்சம் குடுக்கிறீங்களா?"

கொள்ளிடத்தில் கொடுவா குறைந்தது அணையாலா, என்ஜின் விசிலாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் திருச்சி பெரிய கடை வீதியில் அது ஒரு நாளும் குறைந்ததில்லை.